என் கணுக்காலில் கரைந்த ஆணி

என் கணவருக்கு என் கணுக்காலின் மேல் பொறாமை. இதை அவர் ஒருநாளும் ஒத்துக்கொள்ளமாட்டார், அதனால் நானே எழுதிவைக்கிறேன்.

தங்கையைப் பார்க்க ஜேர்மனிக்குப் போன இடத்தில், அவளுடைய வீட்டு வாசலில் உறைந்துகிடந்த பனியில் சறுக்கி விழுந்தேன். எங்கள் ஊர் முள்ளியவளையில் எத்தனை மாரிச் சேற்றில் நடந்தும் விழாத கால், போயும் போயும் அங்கே முறிந்தது. ஆஸ்பத்திரியில் எலும்பைப் பொருத்தி, மகனீசியத்தில் செய்த ஒரு ஸ்குரூ ஆணியை முடுக்கிவிட்டார்கள். என் தங்கை ஆராய்ச்சி செய்வதும் அந்த உலோகத்தைப் பற்றித்தான். எலும்பு பொருந்தும்வரை பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, பிறகு மெல்ல மெல்ல உடம்புக்குள்ளேயே கரைந்துபோகுமாம். கழற்றுவதற்கென்று இன்னொருமுறை வெட்டத் தேவையில்லை.

ஊன்றுகோலோடு வீட்டுக்கு வந்து இதைச் சொன்னதும் இவருடைய முகம் மாறிவிட்டது. இவருடைய முழங்காலுக்குப் பின்னால், சண்டைக் காலத்தில் விழுந்து வெடித்த செல்லின் துண்டு ஒன்று ஏறிக் கிடக்கிறது. நரம்போடு ஒட்டிக்கிடப்பதால் தொடவேண்டாம் என்று பார்த்த டொக்டர்மார் எல்லோரும் கையை விரித்துவிட்டார்கள். மழை வருமுன்னரே அது குத்தத் தொடங்கிவிடும். அயலில் நெல் காயப்போடுகிறவர்கள் எங்கள் படலையில் வந்து நின்று, "அண்ணை, கால் என்ன சொல்லுது?" என்று கேட்பார்கள். இவரும் பெரிய அதிகாரி மாதிரிக் காலை நீட்டி மடக்கிப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்வார். அவர்கள் போனபின் காலைப் பிடித்துக்கொண்டு முனகுவது எனக்குத்தான் தெரியும். அந்தத் துண்டு போய்த் தொலையவேண்டும் என்பதைவிட இந்த மனிசனுக்கு வேறு ஆசையே இல்லை.

அதன்பிறகு தங்கை வீடியோவில் அழைத்தபோதெல்லாம் இவர் என்னைத் தள்ளிவிட்டுத் தானே முன்னால் இருந்துகொண்டார். அவளும் அத்தானுக்குப் பொறுமையாக விளங்கப்படுத்தினாள். உடம்புக்குள் அந்நியப் பொருள் ஏதும் நுழைந்தால் வெண்குருதிக் கலங்கள் முதலில் சண்டைக்கு வரும். பிறகு அவற்றில் ஒரு பகுதி கோபம் தணிந்து திருத்தவேலைக்கு மாறவேண்டும். மகனீசியம் அளவாகக் கரைந்தால் அந்த மாற்றத்துக்கு உதவும், எலும்பு வளரவும் உதவும். அவசரப்பட்டுக் கரைந்தால் பிழை, சுற்றிவர வாயுக்குமிழ்கள் கட்டிவிடும். இவ்வளவையும் அவள் சொல்ல, இவருக்குக் காதில் விழுந்தது மகனீசியம் என்பதும் சண்டை தணியும் என்பதும் மட்டும்தான்.

ஒவ்வொரு எக்ஸ்ரேயிலும் என் ஆணி மங்க மங்க இவருடைய முகமும் மங்கிக்கொண்டே போனது. கடைசி எக்ஸ்ரேக்குக் கொஞ்சநாள் இருக்கும்போதுதான் அந்தக் கூத்து நடந்தது. தென்னை மஞ்சளடித்தால் இவர் டொலமைட் உரம் போடுவார். அதில் இருப்பதும் மகனீசியம்தான் என்று இவருக்குத் தெரியும். நல்ல காலம், அதை அள்ளித் தின்னவில்லை. பாமசிக்குப் போய், மகனீசியத்தில் செய்த மருந்து ஏதும் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார். மலச்சிக்கலோ என்று கேட்ட கடைப் பிள்ளைக்கு ஓம் என்று தலையாட்டிவிட்டு, அதற்குக் குடிக்கிற வெள்ளை மருந்தில் பெரிய போத்தலாக வாங்கிவந்து அலுமாரிக்குப் பின்னால் ஒளித்துவைத்தும் விட்டார்.

நான் கவனித்தது இவர் மலசலகூடத்துக்குப் போகும் வேகத்தைத்தான். முழங்கால் நோகிற மனிசன் அப்படி ஓடி நான் கண்டதேயில்லை. ஐயோ, கால் சுகமாகிவிட்டது என்று நினைத்து ஒருநாள் முழுக்கச் சந்தோஷமாகக்கூட இருந்தேன்.

போத்தல் அகப்பட்டதும் வாய்க்கு வந்தபடி ஏசினேன். இவர் வாடின கீரை மாதிரிக் கதிரையில் சாய்ந்துகிடந்தார்.

"கொஞ்சமாவது கரைஞ்சிருக்கும். எனக்கும் ஒருக்கா எக்ஸ்ரே எடுத்துப் பாப்பம்" என்றார்.

அந்தக் குரலைக் கேட்டபின், என் எக்ஸ்ரேக்குப் போகும்போது கூடவே வரச் சொன்னேன்.

முல்லைத்தீவு ஆஸ்பத்திரிக்கு இரண்டு பேருமாகப் போனோம். அங்கிருந்த இளம் டொக்டர் பிள்ளையிடம் கெஞ்சி இவரும் ஒன்று எடுப்பித்தார். அந்தப் பிள்ளை இரண்டு படங்களையும் அருகருகே வைத்துக் காட்டியது. என் கணுக்காலில் ஆணி கிடந்த இடத்தில் மெல்லிய நிழல்தான் மிச்சம், எலும்பு அழகாகப் பொருந்தியிருந்தது. இவருடைய முழங்காலில் துண்டு வெள்ளை வெளேரென்று, நேற்றுத்தான் வந்து இறங்கியது மாதிரிக் கிடந்தது. அது இரும்பு, உடம்பால் அதைத் தின்ன முடியவில்லை, அதனால் தழும்பால் சுற்றி மதில் கட்டிவைத்திருக்கிறது, இனி அப்படியேதான் இருக்கும் என்று பிள்ளை தன்மையாகச் சொன்னது. இவர் "ஓம் பிள்ளை" என்றதோடு சரி. வழக்கமான பகிடி ஒன்றும் வரவில்லை. எனக்கு அழுகை வந்தது. சுகமான என் காலைப் பார்த்துச் சந்தோஷப்படவும் விடுகிறாரில்லையே என்று கோபமும் வந்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் யன்னல் பக்கம் இருந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். பாதித் தூரம் வந்தபிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

"இஞ்சரும், உம்மட தங்கச்சியிட்ட ஒண்டு சொல்லும். ஆணி செய்தது போதும். இனி செல் செய்யிறவங்களுக்கும் உந்த மகனீசியத்தைப் பழக்கிவிடச் சொல்லும்."

முன்சீற்றில் இருந்தவர் பலமாகச் சிரித்துவிட்டார். சிரித்தபடியே தன்னுடைய தோள்மூட்டைத் தடவிக்கொண்டார்.