விரலை எடுத்தால் போய்விடும் இணைப்பு

மாடிக் கணினியிலிருந்து என் கணினிக்கு வரும் கேபிளில் இணைப்பு விட்டுவிட்டு வந்தது. மறுமுனையைப் பார்க்க மகளை மாடிக்கு அனுப்பினேன்.

"கேபிள் முனையில இருக்கற கொக்கி ஒடஞ்சிருக்குதுங்கப்பா."

"அழுத்திப் புடி, கண்ணு."

சொன்னதுமே பீளமேட்டுப் பழைய வீடு கண்முன் வந்துவிட்டது. அங்கேயும் அப்பாவின் மாடிக் கணினி வழியாகத்தான் எனக்கு இணையம். தகரக் கூரையின் சூட்டில், மேசைக்கடியில் குனிந்து, அக்காதான் கேபிளை அழுத்திப் பிடிப்பாள்.

"கேபிள் சொருகற எடத்துல லைட் எரியுதாக்கா?"

"எரியுது சாமி."

அதன்பின் நான் விளையாட்டில் மூழ்கிவிடுவேன். அவளுடைய பரீட்சைப் புத்தகம் கீழே வீட்டில் விரித்தபடி கிடக்கும். "போதும், வா" என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை.

மனசு கேட்கவில்லை. அக்காவிடம் மன்னிப்புக் கேட்டு மெயில் எழுத உட்கார்ந்தேன். இணைப்பு அறுபடவே இல்லை. பாதி எழுதியிருப்பேன், மாடியிலிருந்து மகளின் குரல் வந்தது.

"அப்பா, கை வலிக்குதுங்க. விட்டுறட்டுங்களா?"