ஐந்தருவியில நான் அடிச்சுப் போட்ட ஒரு வரி

மக்கா, பெரிய நியூஸ்... இளவட்டத்துல நான் எழுதுன சினிமா கதைய என் பேத்தியும் அவ பிரண்ட்ஸும் ஷார்ட் பிலிமா எடுக்கப் போறாவ, அதுவும் நம்ம குத்தாலத்துலயே!!!

ஆனா ஒரு சீன்ல வண்டி நிக்குது. அதுக்குத்தான் இந்த போஸ்ட். தயவுசெஞ்சு கடைசி வரைக்கும் படிங்க.

டைப் பண்ணும்போதே மூக்குல வருது... நல்லெண்ணெ, ஈரப் பாறை, நனைஞ்ச காக்கிப் பேப்பர்.

அறுபதுகள். தென்காசியில ஒரு ஜவுளிக்கடையில எனக்கு வேலை. துணி பொதியுத பேப்பர்ல மிஞ்சுததுலதான் கதை எழுதுவேன். சொல்லிக்குடுக்க ஆளு கெடையாது. ஒரே படத்த தரை டிக்கெட்ல திரும்பத் திரும்பப் பாத்து, எங்கன சீன் மாறுது, எங்கன ஜனம் மூக்க உறிஞ்சுதுன்னு நானாப் படிச்சுக்கிட்டது.

நம்ம கதை சின்னது. அருவிக்குக் குளிக்கப் போன மகன் திரும்பல. அம்மைக்காரி காஞ்ச துண்டோட தெனமும் அங்கன வந்து நிக்கா. கிளைமாக்ஸ்ல அவளுக்கு நான் எழுதி வச்சிருந்த டயலாக் மட்டும் பக்கம் பக்கமா!

திருத்துதது தாவீது. என் கூட்டாளி, சைக்கிள் கடையில வேலை. ஞாயித்துக்கெழம சர்ச்ல வேதம் வாசிக்கது அவந்தான். மைக் இல்லாமலே கடைசி பெஞ்சு வரைக்கும் போகும் அந்தத் தொண்டை.

அவன் கண்டுபிடிச்ச முறை இது... அவன் அருவிய ஒட்டி நின்னு வசனத்த வாசிப்பான். நான் தள்ளி ஒரு நாவப்பழ மரத்தடியில கதையோட இன்னொரு காப்பிய வச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன். தண்ணி சத்தத்த மீறி எந்த வரி என் காதுக்கு வருதோ அது இருக்கும். வராதத செவப்பு பென்சிலால அடிச்சிரணும்.

"நீட்டி முழக்குனா அருவி தின்னுரும்லே"ம்பான். நெஜமாவே அப்படித்தான்!

அந்த வருஷம் சீசன் முடியுத நேரம் குத்தாலத்துக்கு ஒரு சினிமா கம்பெனி ஷூட்டிங் வந்துச்சு. அதுல ஒரு அசிஸ்டெண்ட் டைரக்டர் எங்க கடைக்குத் துணி எடுக்க வந்தாரு. என் நச்சரிப்பு தாங்காம, "நாளைக்கு மத்தியானம் நாங்க தங்கியிருக்கிற பங்களாவுக்கு வா தம்பி, கேக்கிறேன்"ன்னுட்டாரு!

புடிச்சுப் போச்சுன்னா மெட்ராஸ். இல்லன்னா காலம் பூரா துணிக்கு முழம் போடணும்.

மறுநாள் விடியவும் ரெண்டு பேரும் சைக்கிள மிதிச்சோம். ஐந்தருவியில ஆளே இல்ல. எண்ணெ தேய்க்கிறவங்க கூட வரல. ஒரே சாரல்... அருவி தெரியல, சத்தம் மட்டும். தாவீது அந்த வெள்ளைக்குள்ள நடந்து போனான். மறைஞ்சிட்டான்.

பென்சிலோட காத்துக் கெடந்தேன். அம்மை வசனம் ஒண்ணு கூட வரல. மனசில்லாம ஒவ்வொண்ணா அடிச்சேன். எல்லாம் போச்சு.

அப்பந்தான் கேட்டுச்சு.

கத்தல. பக்கத்துல உக்காந்து பேசுத மாதிரி, நிதானமா...

"இன்னும் குளிச்சு முடியலம்மா."

மேலெல்லாம் புல்லரிச்சுட்டு. என் கதையில மகன் பேசவே மாட்டான். ஆனா என்னா வரி!! தாவீது சொந்தமா எடுத்து விட்டிருக்கான்னு குதிச்சு, ஓரத்துல எழுதிட்டேன்.

கொஞ்ச நேரத்துல அவன் வந்தான். கையில பேப்பர் கூழாக் கெடக்கு.

"கோவிச்சுக்காதலே. போன உடனே தாளு பூரா நனைஞ்சு போச்சு. ஒரு எழுத்து வாசிக்கல."

"வெளையாடாதலே. அந்தக் கடைசி வரி?"

"எந்த வரி?"

என் காப்பிய நீட்டுனேன். வாசிச்சான். மூஞ்சி மாறிட்டு. மெதுவா அருவிப் பக்கம் திரும்பிப் பாத்தான்...

அந்த சீசன்ல அதே அருவியில வெளியூர்ப் பையன் ஒருத்தன தண்ணி இழுத்துட்டுப் போச்சு. ஆளு கெடைக்கவே இல்ல. எந்த ஊரு, யாரு மகன், எங்களுக்கு ஒண்ணும் தெரியாது.

"அடிச்சிரு"ன்னான்.

"ஏலே, இதுதாம்லே கதையே!"

"இது ஒனக்குச் சொன்னதில்ல. அவன் அம்மைக்குச் சொன்னது. அவகிட்ட கேக்காம நீ எப்படிலே எழுதுவ?"

சண்டை போட்டேன். கெஞ்சுனேன். அவன் அசையல. கடைசியில அடிச்சேன்.

மத்தியானம் பங்களா. தாவீதும் கூட வந்தான். கதைய சொல்லி முடிச்சேன்... அம்மை வாரா, துண்ட நீட்டுதா. "அவ்ளோதான் சார்."

அவரு சிகரெட்ட கீழ வச்சாரு.

"நல்லாருக்கு தம்பி. அவன் என்ன சொல்றான்?"

"யாரு சார்?"

"மகன்."

"அவன் செத்துட்டான் சார்."

"அது தெரியுது. அம்மா துண்ட நீட்டிட்டாளே... அவன் என்ன சொல்றான்?"

தாவீது என்னயப் பாத்தான். நான் தரையப் பாத்தேன்.

"அந்த ஒரு வரி இல்லாம இது முழுசாகாது. கிடைச்சா மெட்ராஸுக்கு வா"ன்னு அட்ரஸ் குடுத்தாரு.

நான் போகல. முழம்தான் போட்டேன். வருத்தமான்னு கேட்டா... சில நாளு உண்டு.

தாவீது இப்ப இல்ல. பேத்திகூட போன வாரம் ஐந்தருவிக்குப் போனேன். கம்பி, லைட்டு, செல்ஃபி, எவனோ ஸ்பீக்கர்ல பாட்டு. நாவ மரம் எங்கன இருந்துச்சுன்னே புடிபடல. அருவி சத்தமே ஒழுங்கா கேக்கல, அப்புறம் வேற என்னத்த கேக்க?

அங்கன உக்காந்துதான் பேத்தி கதைய வாசிச்சா. துண்ட நீட்டுத எடம் வந்துச்சு. நிமிந்து பாத்தா... "தாத்தா, இங்க அவன் என்ன சொல்லுதான்?"

அந்த வரியப் பத்தி நான் இவகிட்ட வாயே தெறந்ததில்லய்யா!

அப்பம் கேக்கக் காது இருந்துச்சு, அந்தப் பையனோட அம்மைய எங்கன போயித் தேடன்னு வழி இல்ல. இப்பம் போன்ல ஒரு தட்டு தட்டுனா ஊரு ஒலகமெல்லாம் போயிருது. அதான் கேக்கேன்...

அறுபதுகள்ல குத்தாலத்துக்குக் குளிக்கப் போயி திரும்பாத பையன் உங்க குடும்பத்துல உண்டா? ஒரு சித்தப்பா, ஒரு மாமா, வீட்டுல யாரும் எடுக்காத ஒரு பேரு? ஷேர் பண்ணுங்க. பேமிலி குரூப்ல போடுங்க. கண்ணு தெரியாத பெரியவங்களுக்கு வாசிச்சுக் காட்டுங்க.

படத்துல வைக்கதும் வேண்டாங்கதும் அவங்க இஷ்டம். மொதல்ல அந்தப் பையன் சொன்ன பதிலு அவன் வீடு போய்ச் சேரணும்.

இத்தன வருஷமா அது என்கிட்டயே கெடக்கு. யாராவது வந்து வாங்கிக்கிடுங்க.