வெள்ளிக்கிழமை குறைதீர் கூட்டம்

நான் வேலை பார்க்கும் நிறுவனம் சென்னையில் இருக்கிறது. மருத்துவமனைகளுக்கு பில் போடும் மென்பொருளைச் செய்து விற்கிறது. அது ஒழுங்காக ஓடுகிறதா என்று சோதித்துப் பார்ப்பது என் வேலை. கொரோனா சமயத்தில் எல்லோரையும் வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொன்னபோது தஞ்சாவூர்ப் பக்கம் எங்கள் ஊரான பூதலூருக்கு வந்துவிட்டேன். அம்மா இறந்த பிறகு அப்பா அங்கே தனியாக இருந்தார். அண்ணன் குடும்பத்தோடு சிங்கப்பூரில் இருக்கிறான்; பெண் நான் ஒருத்திதான். பிறகு அலுவலகத்தைத் திறந்து பாதிப் பேரைத் திரும்ப அழைத்தார்கள். எங்கள் குழுவில் ஆளுக்கொரு ஊரில் இருந்ததால் எங்களை மட்டும் அப்படியே விட்டுவிட்டார்கள்.

மொத்தம் நான்கு பேர். மேனேஜர் சென்னையில் இருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், வேண்டாத பேச்சு ஒன்றுகூடப் பேசாத பெண்மணி. ஹைதராபாத்திலிருந்து ஒரு பெண். அவளுக்குத் தெலுங்கும் ஆங்கிலமும் தெரியும், தமிழ் கொஞ்சம் புரியும். இன்னொருவர் திருவாரூர்ப் பக்கத்துக்காரர், முஸ்லிம். வீட்டு மாடியறையில் ஒரு நீலநிற இரும்பு பீரோவுக்கு முன்னால் உட்கார்ந்து வேலை செய்வார். பூதலூருக்கும் அவர் ஊருக்கும் பஸ்ஸில் ஓர் அரைநாள்கூட ஆகாது. ஆனாலும் அவர் குழுவில் சேர்ந்த ஒன்றரை வருடத்தில் நாங்கள் நேரில் பார்த்துக்கொண்டதில்லை. பார்க்க வேண்டும் என்று இருவருக்கும் தோன்றியதும் இல்லை. நாள் முழுவதும் சாட்டில் ஏதாவது எழுதிக்கொண்டே இருப்போம். மூவரும் என்ன சாப்பிட்டார்கள், யார் வீட்டில் கரண்ட் இல்லை, யாருக்கு ஜலதோஷம் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். அதற்கு மேல் தெரியாது.

காலைக் கூட்டத்தில் மட்டும் எல்லோரும் கேமராவைப் போட வேண்டும் என்பது மேனேஜர் வைத்த சட்டம். நான் பின்னணியை மங்கலாக்கிவிட்டு உட்காருவேன். என் முறை வரும்வரை மைக்கை அணைத்தே வைத்திருப்பேன். எல்லோரும் செய்வதுதான் என்றாலும் எனக்கு வேறு காரணம் இருந்தது.

அப்பாவுக்கு மறதி வந்திருந்தது. முதலில் பெயர்கள் போயின. பிறகு வருடங்கள் ஒன்றோடொன்று கலந்தன. நிலத்தைக் குத்தகைக்கு விட்டு நாளாகியிருந்தது. அது சில நாள் அவருக்கு ஞாபகம் இருக்கும். சில நாள் நாற்றுப் பறிக்க ஆள் வரவில்லை என்று வாசலுக்கும் கொல்லைக்கும் நடப்பார். தஞ்சாவூரில் டாக்டரிடம் காட்டி, மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தேன். குழுவில் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் என்னிடம் கொடுக்கும் வேலையைக் குறைப்பார்கள், அல்லது என்னிடம் குரலைத் தாழ்த்திப் பேசுவார்கள் என்று நினைத்தேன். இரண்டுமே எனக்கு வேண்டாம் என்றிருந்தது.

அது குறுவை நடவு முடிந்திருந்த சமயம். காலைக் கூட்டத்தில் என் முறை வந்து, மைக்கைப் போட்டுப் பேசிக்கொண்டிருந்தேன். அப்பா அறைக்குள் வந்து எனக்குப் பின்னால் நின்றதை நான் கவனிக்கவில்லை. திரையில் கட்டம் கட்டமாகத் தெரிந்த முகங்களை அவர் கொஞ்ச நேரம் பார்த்திருக்கிறார். பிறகு துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, மேனேஜரைப் பார்த்துக் கும்பிட்டார்.

அப்பா பல வருடம் தஞ்சாவூர் கலெக்டர் ஆபீசில் மாதாமாதம் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்குப் போனவர். எங்கள் பகுதி வாய்க்காலுக்காக எழுந்து நின்று பேசுவார். பேசிவிட்டு வந்த அன்று வீட்டில் சந்தோஷமாக இருப்பார். வரிசையாக அதிகாரிகள் உட்கார்ந்திருக்க ஒவ்வொருவராகப் பேசுவதைப் பார்த்ததும், தான் அங்கேதான் இருப்பதாக அவருக்குத் தோன்றியிருக்கிறது.

"வணக்கங்க அம்மா. எங்க வாய்க்காலுக்கு இன்னும் தண்ணி வரலைங்க. போன கூட்டத்துலயே சொன்னேன்" என்றார்.

நான் மைக்கை அணைக்கப் போனேன். பதற்றத்தில் வேறு பொத்தானை அழுத்தி, பின்னணி மங்கல்தான் போயிற்று. அப்பாவும், கொடியில் காய்ந்த வேட்டியும், மாத்திரை வைத்திருந்த தட்டும் நன்றாகத் தெரிந்தன. அப்போது திருவாரூர்க்காரர் தன் மைக்கைப் போட்டார்.

"எந்த வாய்க்கால்னு சொல்லுங்க ஐயா. தூர் வாராம கெடக்கா, இல்ல மதகுல ஏதாச்சுமா?"

அப்பா வாய்க்காலின் பெயரைச் சொன்னார். மதகுப் பலகை உளுத்துப்போய்விட்டது, திறந்தால் மூட முடியவில்லை, மூடினால் திறக்க முடியவில்லை என்றார். எந்த வருடத்துக் குறையோ அது. அன்று அந்த வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"வியாழக்கிழமை ஆள் அனுப்பிப் பாக்கச் சொல்றேங்க ஐயா" என்றார் திருவாரூர்க்காரர்.

அப்பா இன்னொரு முறை கும்பிட்டுவிட்டு வெளியே போய்விட்டார். நான் விட்ட இடத்திலிருந்து என் அறிக்கையைச் சொல்லி முடித்தேன். மேனேஜர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். கூட்டம் முடிந்ததும் தொந்தரவுக்கு மன்னிக்கும்படி சாட்டில் எழுதினேன். மேனேஜர் ஒரு கட்டைவிரலை மட்டும் போட்டார்.

அப்பாவுக்குக் காலையில் சாப்பிட்டது மதியம் நினைவிருக்காது. வியாழக்கிழமை மட்டும் எப்படியோ நினைவிருந்தது. அன்று குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, நான் ஒரு கூட்டத்தில் இருந்த நேரம் பார்த்துக் கிளம்பிவிட்டார். வீட்டில் இல்லை என்று தெரிந்து, லேப்டாப்பைத் திறந்தபடியே விட்டுவிட்டு ஓடினேன். வாய்க்கால் கரையில் மதகுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். உச்சி வெயில். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஆள் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், வராமல் போனால் அவன் மேல் எழுதிப்போட வேண்டும் என்று என்னிடம் சொன்னார். வீட்டுக்குக் கூட்டிவர வெகுநேரம் பிடித்தது.

அப்பா தூங்கியதும் திருவாரூர்க்காரருக்கு எழுதினேன். நீங்கள் நல்லதாக நினைத்துச் சொன்ன ஒரு வார்த்தையால் அவர் வெயிலில் நின்றார், தெரியாத வீட்டு விஷயத்தில் தேதி கொடுக்காதீர்கள் என்று. எழுதியதில் கோபம் தெரிந்தது. மாற்றாமல் அப்படியே அனுப்பினேன். அவர் பதில் எழுதவில்லை. அந்தச் செயலியிலேயே என்னைக் கூப்பிட்டார். வேலை விஷயம் இல்லாமல் அவர் என்னோடு பேசியது அதுதான் முதல்முறை.

மன்னிப்புக் கேட்டார். முதலில் அவருக்கும் ஒன்றும் புரியவில்லையாம். யாரோ விவசாயி உண்மையிலேயே குறை சொல்கிறார் என்றுதான் நினைத்தாராம். தன் அப்பாவைப் பற்றிச் சொன்னார். "எங்க அத்தா உரக்கடை வச்சிருந்தாங்க. நாள் பூரா விவசாயிங்க வந்து பெஞ்சுல உக்காந்து இதையேதான் பேசுவாங்க. கேட்டுக் கேட்டு வாய்ல தானா வந்துருச்சுங்க. பாதியிலதான் தெரிஞ்சுது. அப்ப நிறுத்தத் தெரியலை" என்றார்.

நிறுத்தியிருந்தாலும் நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியவில்லை. அப்பாவுக்கு இப்படி என்று அவரிடம் இரண்டு வரியில் சொன்னேன். நோயின் பெயரைச் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. இனிமேல் யாரும் கிழமை சொல்லக் கூடாது என்று மட்டும் பேசிக்கொண்டோம்.

அதற்குப் பிறகு அப்பா தினமும் காலைக் கூட்டத்துக்கு வர ஆரம்பித்தார். கதவைத் தாழ் போட்டால் தட்டுவார். அப்படி ஒரு வாரம் போனது. அடுத்த திங்கட்கிழமை மேனேஜர் காலைக் கூட்டத்தை, அப்பா குளிக்கப்போகும் நேரத்துக்கு மாற்றியிருந்தார். அந்த நேரத்தை நான் அவரிடம் சொன்னதில்லை. என் பின்னால் வாளிச் சத்தம் கேட்டதை வைத்து அவரே கணக்குப் போட்டிருக்க வேண்டும். காரணம் கேட்டபோது, வாடிக்கையாளர் கேட்டுக்கொண்டார் என்றார். கூடவே வெள்ளிக்கிழமை சாயங்காலம் புதிதாக ஒரு கூட்டம் காலண்டரில் ஏறியிருந்தது. தலைப்பு இல்லை. இது எதற்கு என்று கேட்டேன். "அப்பாவுக்கு. உங்களுக்கு வேண்டாம்னா எடுத்துடறேன்" என்று எழுதினார்.

அதை எடுத்துவிடும்படி சொல்லலாம் என்றுதான் முதலில் இருந்தேன். வயதானவர் ஒருவரைச் சுற்றி நின்று விளையாடுவது போலிருந்தது. ஆனால் காலைத் தொந்தரவு நிற்கும் என்பதால் ஒரு வெள்ளிக்கிழமை பார்க்கலாம் என்று விட்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை மேனேஜர் பட்டுக்கரைச் சேலை கட்டி வந்திருந்தார். கேலி எதுவும் முகத்தில் இல்லை. அலுவலக விஷயத்தில் எங்களை எப்படிக் கேள்வி கேட்பாரோ அப்படியே அப்பாவையும் கேட்டார். எத்தனை பேருக்கு அந்த வாய்க்காலில் பாசனம், போன தடவை யாரிடம் சொன்னீர்கள், அவர் என்ன பதில் சொன்னார் என்று. அப்பாவுக்கு அது பிடித்துவிட்டது. தலையாட்டி அனுப்பும் அதிகாரிகளைக் கண்டாலே அவருக்கு ஆகாது. அதன் பிறகு வாராவாரம் கூட்டம் நடந்தது. ஹைதராபாத் பெண்ணுக்குப் பாதி புரியாது. தூர் வாருவது என்றால் என்ன, மதகு என்றால் என்ன என்று எனக்குச் சாட்டில் எழுதிக் கேட்பாள். நான் ஒரு பக்கம் அவளுக்குப் பதில் தட்டிக்கொண்டிருப்பேன். கடைசியில் திருவாரூர்க்காரர், மனு பதிவாகிவிட்டது என்பார். கிழமை சொல்ல மாட்டார்.

ஒவ்வொரு வாரமும் ஏறக்குறைய இதே பேச்சுதான். சில வாரம் கொள்முதல் நிலையத்தில் நெல்லை ஈரம் என்று திருப்பி அனுப்பியது வரும். சில வாரம் வயல் எலி. அப்பா பேசி முடித்து எழுந்து போன பிறகு, கூட்டம் உடனே கலையாது. மூவரும் உட்கார்ந்திருப்பார்கள். அப்போதுதான் மேனேஜருக்குக் கணவர் இல்லை என்பதும், ஹைதராபாத் பெண் வீட்டில் அவளுக்குப் பார்த்திருந்த மாப்பிள்ளையை அவளுக்குப் பிடிக்கவில்லை என்பதும் எனக்குத் தெரியவந்தது. கேட்டுக்கொண்டேன். நானாக எதுவும் சொன்னதில்லை.

குறுவை அறுத்து, தாளடி நட்டு முடிந்து மழை பெய்துகொண்டிருந்த ஒரு வெள்ளிக்கிழமை, அப்பா வாய்க்காலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மேனேஜர் இரண்டு முறை கேட்டும் பேசாமல் நின்றார். வார்த்தை மறந்துவிட்டது என்று நான் எடுத்துக்கொடுக்கப் போனேன். கையை உயர்த்தி என்னை நிறுத்தினார்.

"எம் பொண்ணு ஒண்ணு இருக்குங்க அம்மா. வீட்டை விட்டு எங்கயும் போறதில்லை. யாரும் வந்து பேசறதும் இல்லை. தனியாவே கெடக்கு. அதுக்கு ஏதாச்சும் பண்ணிக் குடுங்க."

நான் அவருக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். அந்த மகள் நான்தான் என்பது அவருக்குத் தெரிந்து சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மழைச் சத்தம் மைக்கில் ஏறி இரைந்தது. திருவாரூர்க்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மேனேஜர், "பாக்கறோங்க ஐயா" என்றார். வழக்கமாக அவர் சொல்லாத பதில் அது. அப்பா அதற்குக் கோபப்படவும் இல்லை. கும்பிட்டுவிட்டுப் போனார். நான் கேமராவை அணைத்துவிட்டு, நெட் சரியில்லை என்று எழுதி வெளியேறினேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை திருவாரூர்க்காரர் மனைவியோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். காலையில்தான் செய்தி அனுப்பியிருந்தார். திரையில் பார்த்ததைவிட உயரம் குறைவு. குரல் மட்டும் அதே குரல். ஒரு டப்பாவில் தம்ரூட் என்ற ரவை இனிப்பு கொண்டுவந்திருந்தார்கள். அப்பா அவரை யாரென்று கண்டுகொள்ளவில்லை, உட்காரச் சொல்லிவிட்டு ரேடியோப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் மனைவி என்னோடு அடுப்படியில் நின்று, அவர்கள் ஊரில் பெய்த மழையைப் பற்றிச் சொன்னார். கூடத்தில் எனக்கும் திருவாரூர்க்காரருக்கும் பேச்சே வரவில்லை. தினமும் மணிக்கணக்கில் எழுதிக்கொள்கிறவர்கள், எதிரெதிரே நாற்காலியில் உட்கார்ந்து பஸ்ஸில் கூட்டம் இருந்ததா என்று கேட்டுக்கொண்டோம். காபி குடித்தார்கள். நான் போய் பஸ் ஏற்றிவிட்டு வந்தேன்.

திங்கட்கிழமை காலை லேப்டாப்பைத் திறந்தபோது அவரிடமிருந்து செய்தி வந்திருந்தது. எங்கள் அடுப்படி ஜன்னலிலிருந்து வயல் தெரிகிறதென்று அவர் மனைவி சொன்னாராம், தன் கண்ணில் அது படவே இல்லை என்று எழுதியிருந்தார். நான் பதில் எழுதினேன். மதியம் வரை எழுதிக்கொண்டே இருந்தோம். அம்மாவைப் பற்றியும், அப்பாவை விட்டுவிட்டு நான் வேலைக்குச் சென்னை போன வருடங்களைப் பற்றியும் அவருக்கு எழுதினேன். அவற்றை அதற்கு முன் யாருக்கும் சொன்னதில்லை. முந்தின நாள் நேரில் ஏன் சொல்ல வரவில்லை என்பதை நான் யோசித்துப் பார்த்தேன். பிடிபடவில்லை.

பொங்கலுக்குப் பிறகு அப்பாவுக்குத் திரையில் ஆர்வம் போயிற்று. வெள்ளிக்கிழமை கூட்டிவந்து உட்காரவைத்தால் முகங்களைப் பார்ப்பார். ஆனால் எழுந்து நிற்க மாட்டார். ஒரு வாரம் மேனேஜர் அவரை, வாய்க்கால் எப்படி இருக்கிறது என்று கேட்டார். எந்த வாய்க்கால் என்று அப்பா என்னைக் கேட்டார். அதற்கடுத்த வெள்ளிக்கிழமை அவரைக் கூப்பிடாமல் நான் மட்டும் போய் உட்கார்ந்தேன்.

மூவரும் வந்திருந்தார்கள். அப்பா எங்கே என்று யாரும் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததிலேயே அவர்களுக்குத் தெரிந்துவிட்டது என்று புரிந்தது. அப்பாவுக்கு வந்திருக்கும் நோய் என்னவென்று, டாக்டர் சொன்ன பெயரோடு அன்றுதான் அவர்களிடம் சொன்னேன். இனி எப்படிப் போகும் என்று டாக்டர் சொன்னதையும் சொன்னேன். ஒரு அறிக்கை வாசிப்பது போலத்தான் இருந்தது. மேனேஜர், ராத்திரியில் தூங்குகிறாரா என்று கேட்டார். தூங்குகிறார் என்றேன். துணைக்கு ஆள் வைத்திருக்கிறீர்களா என்றார். பகலில் மட்டும் பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு அம்மாள் வருவதாகச் சொன்னேன். ஹைதராபாத் பெண், தான் அந்த மாப்பிள்ளையை வேண்டாம் என்று சொல்லிவிட்டதாகவும் வீட்டில் யாரும் தன்னோடு பேசுவதில்லை என்றும் சொன்னாள். திருவாரூர்க்காரர் அவளிடம் தெலுங்கில் ஏதோ தப்பாகச் சொல்ல, அவள் சிரித்தாள். பேச்சு அந்தப் பக்கம் போயிற்று. இருட்டும்வரை பேசிக்கொண்டிருந்துவிட்டு ஒவ்வொருவராக வெளியேறினோம்.