உரும்பிராய்க்குப் போன நீல ஹைட்ரேஞ்சியா

நுவரெலியாவிலிருந்து ஹைட்ரேஞ்சியாச் செடியை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோக எண்ணுபவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் கொண்டுபோனது 1984 ஏப்ரல் பள்ளி விடுமுறையில். முந்தைய ஆண்டுக் கலவரத்துக்குப் பின் மனைவி பவளம் உரும்பிராய்க்குப் போய்விட்டாள். நான் மலையில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். திரும்பி வரமாட்டேன் என்றவள் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டாள்: எங்கள் ஆசிரியர் விடுதி வாசலில் நின்ற நீலப் பூ.

பென்சில் தடிப்பில், பூக்காத நான்கு கிளைகளை வெட்டி, இலைகளைப் பாதியாக நறுக்கி, ஈரப் பாசியோடு வெறும் பால்மா ரின்னில், அதாவது பால்பவுடர் தகர டப்பாவில், வைத்தேன். (முழு இலையை விட்டால் வழியிலேயே வாடிவிடும்.) கொழும்பில் தங்கி, மறுநாள் காலை 5.45 ரயிலில் ஏறினேன். ஏறத்தாழ 400 கிலோமீட்டர். அநுராதபுரம் தாண்டியதும் ஒரே வெக்கை. குடிக்க வைத்திருந்த தண்ணீரையும் அதற்கே தெளித்தேன். யாழ்ப்பாணத்தில் இறங்கும்போது மணி ஒன்றரை. உரும்பிராய்க்கு ஐந்து மைல். வாடகைக் காருக்கு அறுபது ரூபாய்.

மடியிலிருந்த ரின்னை எட்டிப் பார்த்த சாரதி, "என்ன மாஸ்டர், குளிர்நாட்டுக்காரி ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு போறியள். வீட்டிலை தெரியுமோ?" என்றார்.

"அவதான் கேட்டவ" என்றேன்.

கிணற்றடி வாழை நிழலில் இரண்டு கிளைகள் வேர் பிடித்தன. பவளம் கத்தரிக்குப் போடுவதுபோல அடுப்புச் சாம்பலை அள்ளி அள்ளிப் போட்டாள். அடுத்த ஆண்டு விடுமுறைக்குப் போனபோது பூத்திருந்தது, இளஞ்சிவப்பாக.

"வடிவாத்தான் இருக்கு. ஆனா இது எங்கடை வாசல் பூ இல்லை" என்றாள்.

யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைக்கும் உங்கள் கேத்திலின் உள்ளே படியும் வெள்ளையைப் பாருங்கள். அந்தச் சுண்ணாம்புத் தண்ணீரில் நீலம் வராது; சாம்பல் இன்னும் கெடுக்கும். மாரி மழைநீரைச் சேமித்து ஊற்றுங்கள். காலை வெயில் மட்டும் போதும். இதெல்லாம் எனக்குப் பிந்தித்தான் தெரிந்தது.

அந்தச் சிவப்புச் செடியில் ஒரு கிளையை மலைக்குத் திருப்பிக் கொண்டுவந்து, பழைய செடியின் பக்கத்தில் நட்டேன். மலை மண்ணில் அந்தச் சுண்ணாம்பு இல்லை; அதுவும் நீலமாகவே பூத்தது. பார்க்க நான் ஒருவன்தான். ஓர் இதழைக் கடிதத்துக்குள் வைத்து அனுப்பினேன். போய்ச் சேர்ந்தபோது மண்ணிறமாகிவிட்டதாம். பதிலில், கதைக்கிற மாதிரியே எழுதியிருந்தாள்: "நீலம் எண்டு எழுதியிருக்கிறியள். நம்புறன். நேரிலை வந்து சொன்னா இன்னும் நம்புவன்."