நாலாம் நிபந்தனை

நடுவிரலை மடக்கி, அதன் கணுவால் சுவரைத் தட்டுகிறார். ஒரு சாண் தள்ளி மறுபடியும் தட்டுகிறார். காது சுவரோடு ஒட்டியிருக்கிறது. இடது கை தரையிலிருந்து அளவு நாடாவை இழுத்துப் பிடித்திருக்க, வலது கை கொண்டையில் செருகிய பென்சிலை உருவித் தாளில் எழுதுகிறது: ‘தரையிலிருந்து நாலடி இரண்டு அங்குலம். சத்தம் மாறுகிறது. உள்ளே குழாய் இருக்கலாம். எந்தக் குழாய் என்று தெரியாது.’ ‘தெரியாது’ என்ற சொல்லுக்குக் கீழே ஸ்கேல் வைத்து ஒரு கோடு.

“என்னக்கா, செவுருக்கு நாடி பாக்குறீகளா?” மருந்துத் தட்டோடு போகிற நர்ஸ் கேட்கிறார்.

“ஆமாத்தா. வாயத் தொறக்க மாட்டேங்குது.”

சுகிர்தத்துக்கு நாற்பத்தெட்டு வயது. ராயப்பன்பட்டிக்காரர். ஐ.டி.ஐ.யில் கட்டட வரைவாளர் படிப்பு முடித்துவிட்டு, உத்தமபாளையம் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் பதினெட்டு வருஷமாகப் பராமரிப்புப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறார். பிரிவு என்றால் மாடிப்படிக்கு அடியில் ஒரு மேசை, கட்டட வரைபடங்களைச் சுருட்டி வைத்த ஒரு பீரோ, நாலு பேர். குழாய் ஒழுகினாலும் லிஃப்ட் நின்றாலும் இவரைத்தான் தேடி வருவார்கள். அவர்களிடம் முதலில் இடத்தைக் கேட்பார். “அங்கனதான், ஜன்னல் பக்கம்” என்று சொன்னால் அசைய மாட்டார். “ஜன்னலுக்கு எந்தப் பக்கம்? எத்தன அடி? சுமார்னு ஒரு அளவு கெடயாது.”

அவர் வீட்டுச் சுவர்களில் ஒரு ஆணிகூடக் கிடையாது. காலண்டர் அலமாரிமேல் சாய்ந்திருக்கிறது. திரு இருதய ஆண்டவர் படம் நாற்காலியில் இருக்கிறது. முன்னால் சின்ன விளக்கு. “ஆண்டவர ஒக்கார வச்சிட்டீகளே” என்று கேட்பவர்களிடம், “நின்னுக்கிட்டே இருந்தா கால் வலிக்கும்ல” என்று சொல்லிச் சிரிப்பார். சிரிப்பு சீக்கிரம் முடிந்துவிடும்.

2009 தொடக்கத்தில் மருத்துவமனைக்குப் புதுக் கட்டடம் என்று முடிவானது. மதுரையிலிருந்து ஆதித்தன் என்ற பொறியாளர் மடிக்கணினியோடு வந்தார். கட்டப் போகும் மூன்று மாடியையும் அதன் திரையிலேயே கட்டி வைத்திருந்தார். ‘மாடல்’ என்றார். ஒரு பொத்தானைத் தட்டினால் சுவர்கள் கண்ணாடிபோல் ஆயின. உள்ளே மின்சாரம் சிவப்பாக, தண்ணீர் நீலமாக, ஆக்சிஜன் வெள்ளையாக ஓடின. மருத்துவமனையை நடத்தும் டாக்டர் எழுந்து வந்து குனிந்து பார்த்தார். கட்டடம் கட்டப் போகும் கான்ட்ராக்டர்கூட வாயைத் திறந்தபடி நின்றார்.

சுகிர்தம் கடைசியில் ஒன்று கேட்டார். “தம்பி, இதுல சேப்பா ஓடுறது நீங்க போடச் சொன்ன வயரா, வேலக்காரன் போட்ட வயரா?”

“ரெண்டும் ஒண்ணுதானேம்மா?”

“ஒண்ணில்ல தம்பி.”

வேறு யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆதித்தன் மட்டும் மறுநாள் போன் செய்தார். “கட்டடம் ஒங்களுது. மாடல்ல என்னென்ன இருக்கணும், யாரு எப்பத் தரணும்னு நீங்கதான் எழுதிக் குடுக்கணும். எழுதாததக் கடைசில யாரும் தர மாட்டாங்க. ஒப்பந்தத்துல அத இணைச்சிரலாம்” என்றார். டாக்டர் அந்த வேலையை இவர் தலையில் கட்டினார்.

அதற்காகத்தான் இரண்டு மாதமாகப் பழைய கட்டடத்தைத் தட்டிக்கொண்டிருக்கிறார். பழையதில் எதெல்லாம் தெரியாமல் போனதோ அதெல்லாம் புதியதில் தெரிந்திருக்க வேண்டும். இதுதான் அவருடைய முறை. எந்தப் புத்தகமும் சொல்லித் தந்ததில்லை. ஒவ்வொரு நிபந்தனைக்கும் முன்னால் ஒரு கேள்வி எழுதுகிறார். ‘பத்து வருஷம் கழித்து ராத்திரி டியூட்டிக்காரன் இந்த வால்வைத் தேடினால் எங்கே பார்ப்பான்?’ ‘இந்தக் கதவு போனால் அதே கதவை யாரிடம் கேட்பது?’ ஆய்வுக்கூடத்தின் கழிவுத் தாள்களின் பின்பக்கம் முழுக்க இப்படிக் கேள்விகள். பதில் சொல்லப் போகிறவர் யார், எந்த நாளுக்குள் என்பதும் பக்கத்திலேயே இருக்கும்.

மொத்தம் பதினேழு நிபந்தனைகள். பதினாறை எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். நாலாவது இது: ‘சுவரைப் பூசுவதற்கு முன், உள்ளே போன குழாயையும் வயரையும் அளவு நாடா தெரியும்படி படம் எடுக்க வேண்டும். போட்டவர் பெயர், அளந்தவர் பெயர், தேதி வேண்டும். அந்த அளவு மாடலில் ஏறும் வரை அந்தச் சுவருக்குப் பூச்சு கிடையாது.’

கான்ட்ராக்டர் தாளைத் தூக்கி மேசைமேல் போட்டார். “கலவையக் கொழச்சு வச்சுக்கிட்டுக் கொத்தனாரு போட்டோவுக்குக் காத்திருப்பாரா? கட்டடத்துக்கு ஜாதகமுல்ல எழுதுறாக அம்மா!”

“ஜாதகம் தப்புன்னா கல்யாணம் நிக்கும். இது தப்புன்னா ஆளு நிக்க மாட்டான்” என்றார் சுகிர்தம்.

டாக்டர் இருவரையும் பார்த்தார். “நாலு மாசம் இழுக்கும்கிறாரு இவரு. நாலாவது ஏன் வேணும்னு ஒரு தாள்ல எழுதி இணைங்க. காரணம் இருந்தா கையெழுத்துப் போடுறேன். இல்லேன்னா அத அடிச்சிருவோம். வர்ற புதன்கிழமை பத்து மணிக்கு.”

காரணம் எழுத உட்கார்ந்து மூன்று தாளைக் கிழித்தார். காரணம் அவரிடம் ஏற்கெனவே இருந்தது. பீரோவின் அடித்தட்டில், ஐந்தரை வருஷமாக.

2003 ஐப்பசியில், ஆண்கள் வார்டுச் சுவரில் ஆக்சிஜன் குழாயைத் தாங்க ஒரு கிளாம்ப் அடிக்க வேண்டியிருந்தது. மருத்துவமனையின் எலெக்ட்ரீஷியன் குருசாமிக்கு அப்போது முப்பத்து நாலு வயது. வார்டின் மெயினை அணைத்துவிட்டு, வெளி நடைக்கூடத்திலிருந்து தனியாக வயர் இழுத்து, இரும்புக் கூடு போட்ட பழைய டிரில்லோடு வந்து கேட்டார்: “அக்கா, இந்தச் செவுத்துல வேற லைன் எதும் போகுதா?”

சுகிர்தம் வரைபடத்தை விரித்தார். சுவர் வெறுமையாக இருந்தது. “சுத்தமா இருக்குப்பா, போடு” என்றார். எதையும் எழுதி வைக்கிற பழக்கம். வரைபடத்தில் அந்த இடத்தைப் பென்சிலால் வட்டமிட்டு, ‘துளை போடலாம்’ என்று எழுதி, கையெழுத்தும் தேதியும் போட்டார்.

அது கட்டுவதற்கு முன் போட்ட வரைபடம். 1989-இல் வயர் பதித்தவர், சுற்றிப் போனால் வயர்க் குழாய் கூடுதலாகும் என்று, எக்ஸ்ரே அறைக்குப் போகும் லைனை அந்தச் சுவரில் கோணலாகக் குறுக்கே விட்டிருந்தார். மேலே பூச்சு. அந்த லைனுக்கு மெயின் வேறு இடத்தில் இருந்தது. டிரில் சத்தம் நடுவில் மாறியதைச் சுகிர்தம் கேட்டார். திரும்பிப் பார்ப்பதற்குள் குருசாமியின் உயிர் போய்விட்டது.

விசாரணைத் தாளில், ‘மின்சாரத்தை முழுமையாகத் துண்டிக்காமல் பணி செய்தது அவரது அஜாக்கிரதை’ என்று எழுதினார்கள். வரைபடத்தை யாரும் கேட்கவில்லை. சுகிர்தமும் சொல்லவில்லை. “கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்னு ரொம்ப நாளா நெனச்சுக்கிட்டிருந்தேன்” என்கிறார் இப்போது. “அதும் பொய்தான்.”

குருசாமியின் மனைவி மூக்கம்மாளுக்கு அதே மருத்துவமனையின் சலவைக் கூடத்தில் வேலை கொடுத்தார்கள். குச்சனூர்க்காரர். சனிக்கிழமைதோறும் சனீஸ்வரர் கோயிலுக்குப் போய் எள் தீபம் போடுகிறார். மத்தியானச் சாப்பாட்டை இருவரும் மாடிப்படிக்கு அடியில் சேர்ந்தே சாப்பிடுகிறார்கள். மூக்கம்மாள் கொண்டுவரும் கருவாட்டுக் குழம்பில் பாதி சுகிர்தத்தின் டப்பாவுக்குப் போகும். பேச்சு எங்கே சுற்றினாலும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் அங்கே வந்து நிற்கும்.

“அவுகளுக்கு எப்பவும் அவசரந்தான்க்கா. ஏழரை நடந்துச்சு, புத்திய மறச்சிருச்சு. மெயின அணைக்க மறந்துட்டாக. ஊர் ஒலகத்துக்கெல்லாம் லைட்டுப் போட்ட மனுசன், தன் சோலியில கோட்ட விட்டாக.”

சுகிர்தம் குனிந்து சோற்றைப் பிசைவார். ஐந்தரை வருஷமாக அந்தக் குழம்பைச் சாப்பிட்டு வருகிறார்.

இதில் மருத்துவமனையின் பெயரை எழுத வேண்டாம் என்று சுகிர்தம் கேட்டுக்கொண்டார். தன் பெயரையும் ஊரையும் அப்படியே போடச் சொன்னார்.

அந்தப் புதன்கிழமை எட்டரை மணிக்கே வந்துவிட்டார். பதினேழு நிபந்தனைகளும் தட்டச்சாகி ஒன்பது தாள்கள். பத்தாவது, பழைய வரைபடத்தின் நகல். பென்சில் வட்டமும் ‘துளை போடலாம்’ என்பதும் கையெழுத்தும் நன்றாக விழுந்திருந்தன. அதன் கீழே பேனாவால் நாலு வரி: ‘குருசாமி வார்டு மெயினை அணைத்திருந்தார். துளை போடும் முன் என்னைக் கேட்டார். நான் இந்த வரைபடத்தைப் பார்த்து, போடலாம் என்று சொன்னேன். தவறு அவருடையது அல்ல.’ ஐந்து பிரதிகள். ஒவ்வொன்றின் ஓரத்தையும் மேசையில் தட்டிச் சமப்படுத்தி, நூல் கோத்து முடிச்சிட்டார். மூலப் படத்தைத் தனியாகக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

டாக்டரின் அறை மாடியில். சுகிர்தம் மாடிப்படியைத் தாண்டி, பின்கட்டுச் சலவைக் கூடத்துக்கு நடந்தார். மூக்கம்மாள் தொட்டியில் முழங்கை வரை சோப்பு நுரையோடு விரிப்புகளைக் கும்மிக்கொண்டிருந்தார்.

“என்னக்கா, காலங்காத்தால தாளும் கையுமா? புதுக் கட்டடத்துக்குப் பத்திரிக்கையா?”

“இல்லத்தா. டாக்டரய்யாகிட்டக் குடுக்கணும். அதுக்கு முந்தி ஒனக்கு.”

“எனக்கு என்னத்தத் தெரியும் இதுல? எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன்.”

“கூட்டியே படி. கடைசித் தாளை மொதல்ல படி. நா இங்கனயே நிக்கிறேன்.”

மூக்கம்மாள் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு இரண்டு கைகளையும் சேலையில் மாற்றி மாற்றித் துடைத்தார். விரலிடுக்கில் ஈரம் இருக்கிறதா என்று பார்த்து மறுபடியும் ஒரு தடவை துடைத்துக்கொண்டு, நீட்டினார்.

சுகிர்தம் கடைசித் தாள் மேலே வரும்படி ஒரு பிரதியைத் திருப்பி, அந்தக் கைகளில் வைத்தார்.