டேல் கோஸ்கெலாவின் வண்டி புதையாது

டேல் கோஸ்கெலாவைப் பற்றி எங்கள் ஊரில் யாரும் பெருமை பேச வேண்டியதில்லை. அந்த வேலையை அவனே கவனித்துக்கொள்வான். போன வருடம் ஓய்வு பெறும் வரை மாவட்டச் சாலைகளில் பனி தள்ளும் லாரி ஓட்டியவன். காட்டுப்பாதையில் அவன் வண்டி ஒரு தடவைகூடப் பனியில் புதைந்ததில்லை. நாங்கள் எல்லோரும் புதைந்திருக்கிறோம். யார் எந்த வளைவில், எந்த ஆண்டு புதைந்தோம் என்பதை ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து காப்பி குடிக்கும்போது அவன் மறக்காமல் நினைவுபடுத்துவான். என் தங்கை லோரெட்டா இவனைக் கட்டிக்கொண்டதால் எனக்கு அது இரட்டிப்பாகக் கிடைக்கும்.

ஏப்ரல் பிறந்து, பனிமேல் வழுக்கியோடும் பனிவண்டிகள் ஓய்ந்ததும் நாங்கள் குடும்பத்தோடு கதவில்லாத நாலு சக்கரக் காட்டு வண்டியில் காட்டுக்குள் போவது வழக்கம். இந்த ஆண்டும் டேல் மகள் ஹைடி கிரீன் பே நகரத்திலிருந்து வந்திருந்தாள். காலையில் லோரெட்டா சமையலறையில் பேஸ்டிகளைத் அலுமினியத் தாளில் சுற்றிக்கொண்டிருந்தாள். மாட்டிறைச்சியும் கிழங்கும் பொதிந்த அந்த ரொட்டியை எஞ்சின்மேல் கட்டிவிட்டால் மதியத்துக்குச் சூடாகிவிடும். சுற்றிக்கொண்டே தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"ரஸ், அவனுக்குக் கண்ணு போயிட்டு இருக்கு. குளிர்காலம் பூரா கப்புக்குப் பக்கத்துலதான் காப்பி ஊத்துறான்."

"டாக்டர்கிட்ட போனானே?"

"போனான். வந்து, கண்ணாடியத் தொடைச்சா சரியாயிடும்னு சொன்னாங்கன்னான். அப்புறம் ஆஸ்பத்திரிலேர்ந்து ஃபோன் வந்துச்சு, நான்தான் எடுத்தேன். இனிமே எந்த வண்டியும் ஓட்டக் கூடாதாம்."

"அப்போ சாவியப் புடுங்க வேண்டியதுதானே?"

"புடுங்கினா, நான் கடைக்குப் போற நேரம் பாத்து எடுத்துட்டுப் போவான். ஒருநாள் எங்கயாவது மரத்துல மோதிக் கிடப்பான். அவனாக் குடுக்கணும். இன்னைக்கே குடுக்கணும்."

அவனாக. டேல் கோஸ்கெலா. எனக்குச் சிரிப்பு வந்தது. தங்கை முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டேன்.

குளிர்காலம் முழுவதும் பனிவண்டிகளுக்காக உருளை போட்டு அழுத்தியதால் பாதையின் நடுப்பகுதி கல் மாதிரி இறுகியிருக்கும். ஏப்ரலில் இருபுறமும் பனி உளுத்துப்போய், பாதை மட்டும் வரப்புபோல உயர்ந்து நிற்கும். வரப்பில் இருக்கும்வரை நீ ராஜா. ஒரு சக்கரம் இறங்கியதோ, வயிறு வரைக்கும் பனிதான். பின்சீட்டில் நானும் ஹைடியும். டேல் ஸ்டீயரிங்கைப் பிடித்த தோரணைக்குக் குறைச்சலில்லை.

"அதோ பாருங்க, மான்!" என்று வண்டியை நிறுத்தினான்.

அது எரிந்துபோன அடிமரம். ஹைடி, அப்பா தமாஷ் பண்ணுவதாக நினைத்து விழுந்து விழுந்து சிரித்தாள். அவனும் கூடவே சிரித்தான். லோரெட்டா சிரிக்கவில்லை.

இரண்டாவது பாலம் தாண்டியதும் எதிரே ஒரு குடும்பம் வண்டியில் வந்தது. வீட்டில் தண்ணீர்க் குவளையைக்கூட நகர்த்தாத டேல், காட்டில் முன்பின் தெரியாதவர்களிடம் மரியாதையின் சிகரம். கையை உயர்த்தி வணக்கம் வைத்து, வழிவிட வலப்பக்கம் ஒடித்தான். வலப்பக்கத்தில் பக்கமே இல்லை. வண்டி சாய்ந்தது. லோரெட்டாவின் மடியில் ஒரு கூடை பனி கொட்டியது.

எதிர் வண்டிக்காரன் இறங்கி ஓடிவந்தான். பாவம், நல்ல மனிதன். "நீங்க டேல் கோஸ்கெலாதானே? எங்க அப்பா உங்களப் பத்தி நெறைய சொல்லுவாரு, சார்."

அதற்குப் பதில் அவன் டேலைக் கன்னத்தில் அறைந்திருக்கலாம்.

வடம் கட்டி இழுத்தார்கள். வெளியே வந்ததும் டேல், "உங்களுக்கு வழி விட்டேன், அதான்" என்றான்.

"வழி தாராளமா இருந்துச்சே, சார்," என்றான் அந்த நல்லவன். சொல்லிவிட்டு, தப்பாகப் பேசிவிட்டோமோ என்று விழித்து, வண்டியேறிப் போய்விட்டான்.

"அப்பா, ஓரம் தெரியலையா?" என்று ஹைடி கேட்டாள். சிரிப்பு போயிருந்தது.

"வெயிலு கூசுது."

வானம் சாம்பல் பூத்திருந்தது. காலையிலிருந்து சூரியன் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. லோரெட்டா மடியிலிருந்த பனியைத் தட்டிவிட்டு, வண்டிக்கு வெளியிலேயே நின்றாள். அவள் வாயைத் திறந்துவிடுவாளோ என்று எனக்குத்தான் பயமாக இருந்தது. டேல் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. வண்டி நகரவில்லை.

கடைசியில் இறங்கினான். "நீ ஓட்டு, லோரெட்டா. எனக்கு முதுகு புடிச்சுகிச்சு."

முதுகாம். நான் வெளியே மரங்களைப் பார்க்க ஆரம்பித்தேன்.

லோரெட்டா சீட்டை முன்னால் இழுத்து உட்கார்ந்தாள். அதோடு விட்டானா? "இடது... இடது பக்கம் ஒட்டிப் போ. பிரேக்க மிதிக்காத. ஐயோ, மிதிக்காதன்னா! இதுக்குத்தான் பொம்பளைங்ககிட்ட..." காட்டையே இவன்தான் நட்டு வளர்த்தவன் என்று நினைக்கும்படி வழிநெடுக உபதேசம்.

ஓடை பாதையை அறுத்துப்போன இடத்துக்கு முன்னால் லோரெட்டா வண்டியை நிறுத்தினாள்.

"சரி, நீயே சொல்லு. முன்னால என்ன இருக்கு? நீ சொல்றபடியே போறேன்."

டேல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு முன்னால் எட்டிப் பார்த்தான். இவனுக்கு வேண்டியதுதான் என்று ஒரு நொடி எனக்குள் ஓடியது. அடுத்த நொடி, எனக்கே என்மேல் வெறுப்பாக இருந்தது.

"தெரியல," என்றான்.

ஹைடி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கடைக்கண்ணால பாத்தாக் கொஞ்சம் தெரியுது. நேராப் பாத்தா ஒண்ணுமில்ல." அவன் அவள் பக்கம் திரும்பினான். "உன் மூஞ்சிகூடத் தெரியல, லோரெட்டா."

லோரெட்டா கையுறை போட்ட புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"என் மூஞ்சில புதுசா ஒண்ணுமில்ல. பெல்ட்டப் போடு," என்று சொல்லி, வண்டியை ஓடைக்குள் இறக்கினாள்.