சட்டைப் பைக்கு வந்த அழைப்பு

எனக்கு அனுப்பப்பட்ட முதற் குறுஞ்செய்தி என் கணவருடைய சட்டைப் பையில் வந்து இறங்கியது. அதை வாசித்தவர் சந்திக் கடையில் இருந்த ஓய்வு பெற்ற கிளாக்கர். அதன்படி நடந்தவர் என் கணவர். செய்தியோ என் மார்பைப் பற்றியது. புளியங்கூடலில் நவீன காலம் இந்த ஒழுங்கில்தான் தொடங்கியது.

நான் மூன்றாம் வகுப்புவரை பள்ளிக்கூடம் போனவள். தமிழை எழுத்துக் கூட்டி வாசிப்பேன். ஆங்கில எழுத்து எனக்குக் கோழி கிளறின மண் போலத்தான். அதற்காக நான் யாருக்கும் முன்னால் தலை குனிந்ததில்லை. இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்தபோது கூரையில்லாமல் நின்ற வீட்டுக்கு முன்னின்று கூரை போட்டவள் நான். அவர் அந்த நேரம் ஓடு நல்லதோ ஓலை நல்லதோ என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

சமாதானம் வந்துவிட்டது என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த வருடங்கள் அவை. நேவிக்காரர் மட்டும் அதைக் கேள்விப்படாதவர்கள் போல சந்தியில் அப்படியே நின்றார்கள். பிரான்சில் இருக்கிற மகன் ஒரு கைத்தொலைபேசி வாங்கி அனுப்பினான். "அம்மாக்கும் அப்பாக்கும்" என்று சொல்லித்தான் அனுப்பினான். அது அப்பாவின் சட்டைப் பையில் ஏறியது, பிறகு இறங்கவேயில்லை. எங்கள் ஒழுங்கையில் எல்லா வீட்டிலும் இதே கதைதான். ஆண்கள் எல்லோரும் இடது பக்கம் சற்றுக் கனத்துப்போய், தோளைச் சரித்துக்கொண்டு நடந்தார்கள்.

அந்த நேரத்தில்தான் வெளிநாட்டுக் காசில் நடக்கிற ஒரு நிறுவனம் எங்கள் பக்கம் வந்தது. அதில் வேலை செய்த ஒரு பிள்ளை, நல்ல சிரித்த முகம், பெண்களையெல்லாம் வாசிகசாலைக்குக் கூப்பிட்டு, சுவரில் படம் காட்டி, மார்பில் வரும் புற்றுநோயைப் பற்றி விளங்கப்படுத்தினாள். குளிக்கும்போது எப்படித் தடவிப் பார்க்க வேண்டும் என்று கையால் காட்டினாள். நாங்கள் எல்லோரும் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த வாசிகசாலை நிலத்தை அவ்வளவு கவனமாக அதற்கு முன் ஒருவரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

"யாழ்ப்பாணத்தில இருந்து டொக்டர் அம்மா ஒராள் மாதத்தில ஒருக்கா ஊர்காவற்றுறைக்கு வருவா. பழைய சங்கக்கடைக் கட்டடத்திலதான் கிளினிக். எப்ப எண்டு உங்கள் எல்லாருக்கும் மெசேஜ் வரும்" என்றாள்.

"ஆர் கொண்டு வருவினம் பிள்ளை?" என்று என் மச்சாள் கேட்டாள். மச்சாள் என் கணவரின் அக்கா, பக்கத்து வளவு.

"ஒருத்தரும் கொண்டு வரத் தேவையில்லை அம்மா. வானத்தால வரும்."

"வானத்தால வந்ததுகளைக் கனக்கக் கண்டிட்டம் பிள்ளை. நடந்து வாறமாதிரி ஏதும் இல்லையோ?"

சிரிப்பு அடங்கப் பதிவு தொடங்கியது. என் முறை வந்தது.

"உங்கட வீட்டு போன் ஆற்ற பேரில அம்மா?"

"அவற்ற பேரில."

"அவர் எண்டா?"

"வீட்டுக்காரர்."

"அவற்ற பேர் என்ன?"

நான் மச்சாளைப் பார்த்தேன். எங்கள் வயதுப் பெண்கள் கணவரின் பெயரை வாயால் சொல்வதில்லை. மச்சாள் தன் தம்பியின் பெயரைச் சொன்னாள். மச்சாளின் முறை வந்தபோது நான் அவள் கணவரின் பெயரைச் சொன்னேன். அவர் எனக்கு அண்ணை முறை. இப்படி ஒருத்தி புருசனை மற்றவள் காட்டிக்கொடுத்து எல்லாப் பெயரும் பதிந்து முடிந்தது. எங்கள் பெயரை அந்தப் பிள்ளை கேட்கவேயில்லை. பெயருக்கென்று அவளிடம் ஒரு இடம்தான் இருந்தது, அது நிரம்பிவிட்டது. பெண்களுக்கான திட்டத்தில் ஊரிலுள்ள ஆண்கள் எல்லோரும் சேர்ந்தாயிற்று.

படத்தில் காட்டியதை நம்பக்கூடாது என்பதற்காகத்தான் நான் அடுத்த நாள் கிணற்றடி மறைப்புக்குள் தடவிப் பார்த்தேன். இடது பக்கத்தில், புளியங்கொட்டை அளவில், ஒன்று கையில் தட்டுப்பட்டது. நோகவில்லை. அழுத்தினால் நழுவவும் இல்லை. திரும்பவும் தண்ணீர் அள்ளி ஊற்றிவிட்டுப் பார்த்தேன். இருந்தது.

ஒழுங்கையால் சைக்கிளில் போன மிஸியை மறித்து, வளவுக்குள் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். எங்கள் ஊருக்குப் பொறுப்பான மருத்துவிச்சி அவள். கலகலவென்று கதைக்கிறவள், இன்னொருக்கால் அழுத்திப் பார்த்தாள்.

"இதை டொக்டர் கட்டாயம் பாக்கவேணும் அம்மா. பிந்தாதையுங்கோ."

"எப்ப வாறாவாம்?"

"எனக்கும் தெரியாது. எனக்கும் அந்த மெசேஜ்தான்."

அவருக்கு நான் சொல்லவில்லை. சொன்னால் அவர் சிக்னல் தேடிக் கிணற்றுக் கட்டில் ஏறி நின்று மகனுக்குக் கத்துவார். பாரிசுக்குப் போக முன்பு செய்தி அடுத்த தீவான அனலைதீவுக்குப் போய்விடும். ஆகவே நான் அவருடைய சட்டைப் பையைக் காவல் காத்தேன். அது கூவும்போதெல்லாம் என் நெஞ்சும் சேர்ந்து கூவும்.

"இஞ்சாருங்கோ, போன் ஏதும் சொன்னதோ?"

"உமக்கு ஆரப்பா அனுப்பப் போகினம்?" என்று அவர் கேட்பார்.

ஒரு நாள் விடிய எழும்பிப் பார்த்தால், மனுசன் முகம் வழித்து, வெள்ளை வேட்டி கட்டி, அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு கதிரையில் இருக்கிறார். முகத்தில் இரத்தம் இல்லை.

"எங்க வெளிக்கிட்டு?"

"கூப்பிட்டிருக்கினம். நேற்று மெசேஜ் வந்தது. பேர் போட்டு வந்திருக்கு. ஐசியும் கொண்டு வரட்டாம்."

அந்தக் காலத்தைத் தெரியாதவர்களுக்கு இது விளங்காது. பெயர் சொல்லி, நாள் சொல்லி, அடையாள அட்டையோடு வா என்றால், எங்கள் ஆண்களுக்கு அது ஒன்றே ஒன்றுதான்: நேவிக் காம்பில் விசாரணை. முன்பு விதானையார் வந்து சொல்லிவிட்டுப் போவார். இப்போது நாடு முன்னேறிப் போன் சொல்கிறது என்று அவர் நினைத்தார். பிறகு தெரிந்தது, செய்தியைக் கிளாக்கர்தான் வாசித்துக் காட்டியிருக்கிறார். தமிழைத்தான் ஆங்கில எழுத்தில் அடித்திருந்தார்களாம். பெயரை வாசித்தார், நாளை வாசித்தார், அட்டையை வாசித்தார். நடுவில் மார்பகம் என்று வந்த இடத்தில் அவருக்கு வாய் வரவில்லை. நாலு பேர் தேத்தண்ணி குடிக்கிற இடத்தில் அந்தச் சொல்லை வாசிப்பது மரியாதையில்லை என்று தாண்டிப் போய்விட்டார். ஊரில் மரியாதைக்குப் பெயர்போன மனிதர். அவருக்கு வீட்டில் மனைவி இல்லாதபடியால் செய்தியும் இல்லை, பயமும் இல்லை.

நான் வழமைபோல ஒரு சாரம், ஒரு துவாய், ஒரு பிஸ்கட் பெட்டி எல்லாவற்றையும் பையில் வைத்துக் கொடுத்தேன். ஒழுங்கை முழுக்க ஆண்கள் சைக்கிளும் பையுமாக வெளிக்கிட்டு நின்றார்கள். மச்சாள் படலையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"எந்தக் காம்புக்கு?" என்று நான் கேட்டேன்.

"காம்பில்லை. ஊர்காவற்றுறையில பழைய சங்கக்கடையாம்" என்று சொல்லிவிட்டு அவர் மிதித்தார்.

சைக்கிள்கள் திருப்பத்தில் மறைந்த பிறகுதான் எனக்குப் பொறி தட்டியது.

"மச்சாள், அழுதது காணும். முகத்தைக் கழுவிப்போட்டு வாரும்."

"ஏன்?"

"அவையைக் கூப்பிடேல்லை. எங்களைத்தான் கூப்பிட்டவை."

பெண்கள் எல்லோரும் பஸ் ஏறிப் போனோம். சங்கக்கடைக் கட்டடத்து விறாந்தையில் எங்கள் ஆண்கள் வரிசையாக இருந்தார்கள், கையில் அட்டை, மடியில் பை. தலைக்கு மேலே சுவரில் பெரிய மார்புப் படம். ஒருவரும் நிமிரவில்லை. நிறுவனத்துப் பிள்ளை சந்தோசத்தில் ஓடித் திரிந்து படம் எடுத்தாள். மனைவிமாருக்குப் பதிவு எடுக்க வந்த பொறுப்பான புருசன்மார் என்று நினைத்து, எல்லோருக்கும் பெயர் கூப்பிட்டு நம்பர் வேறு கொடுத்திருந்தாள்.

முதலாவதாக உள்ளே போனவர் மச்சாளின் கணவர். உள்ளே போய் ஒரு சொல்லும் கேட்காமல் சட்டையைக் கழற்றிக்கொண்டு நின்றாராம். காம்பில் அதுதான் பழக்கம். தோளில் துவக்குப் பிடித்த தழும்பு இருக்கிறதோ என்று பார்ப்பார்கள். டொக்டர் அம்மா கத்திய சத்தம் விறாந்தைக்குக் கேட்டது. அண்ணை சட்டையை நெஞ்சோடு பொத்திக்கொண்டு வெளியே வந்தார்.

"என்ன கேட்டவை?" என்று மற்றவர்கள் கலங்கிப்போய்க் கேட்டார்கள்.

"ஒண்டும் கேக்கேல்லை. என்னைக் கண்டு அவ பயந்திட்டா."

மிஸி கதவுக்குப் பின்னால் சிரிப்பை அடக்க ஏலாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்னைக் கண்டதும் சிரிப்பு நின்றது. "கெதியா நம்பரை எடுங்கோ அம்மா. டொக்டர் மத்தியானத்துக்கு முதல் வெளிக்கிட்டுடுவா" என்றாள்.

நான் நிறுவனத்துப் பிள்ளையிடம் போனேன்.

"மெசேஜ் வந்த ஆக்களுக்குத்தான் நம்பர் அம்மா. உங்கட பேர் சிஸ்டத்தில இல்லையே."

"பேர் நீர் கேக்கேல்லையே பிள்ளை."

"எல்லா நம்பரும் முடிஞ்சுது. அடுத்த மாதம் உங்கட பேருக்கு மெசேஜ் போடுறன்."

அடுத்த மாதம் வீதி திறந்திருக்குமோ, டொக்டரை வர விடுவார்களோ என்று அந்தக் காலத்தில் யார் உத்தரவாதம் சொல்வது? விறாந்தையில் ஊரே இருந்தது. எல்லோருக்கும் கேட்கவே சொன்னேன்.

"பிள்ளை, கட்டி உம்மட சிஸ்டத்திலயில்லை. எனக்குத்தான் இருக்கு. மார்பில. இண்டைக்குத்தான் பாக்கவேணும்."

தலைகள் எல்லாம் இன்னும் கீழே போயின. ஒன்று மட்டும் நிமிர்ந்தது.

"என்னப்பா சொல்லுறீர்?" என்றார் அவர்.

"சொன்னது கேட்டதுதானே."

"எப்ப தொட்டு?"

"உங்கட பொக்கற்றுக்கு மெசேஜ் வராத நாள் தொட்டு."

அவர் எழும்பினார். மடியில் இருந்த பை விழுந்து பிஸ்கட் பெட்டி உருண்டது. குனிந்து எடுக்கவில்லை. தன் நம்பர்த் துண்டை என் கையில் வைத்துவிட்டு, அந்தப் பிள்ளையைப் பார்த்து, "இது என்ர பேருக்கு வந்தது. ஆர் போறதெண்டு நான் சொல்லுவன். இவ போவா" என்றார். கூரை போடும்போது வராத குரல் அன்றைக்கு வந்தது. மற்ற ஆண்களும் துண்டுகளை அவசரமாகப் பெண்களின் கையில் திணித்தார்கள். தப்பினோம் பிழைத்தோம் என்று.

டொக்டர் அம்மா தொட்டுப் பார்த்து, ஊசி குத்திப் பார்க்க யாழ்ப்பாணம் வரச் சொன்னார். முடிவு கெட்டதாகத்தான் வந்தது. ஆனால் பரவ முன்பு பிடித்துவிட்டோம் என்றார்கள். இடது பக்கத்தை எடுத்தார்கள். அவர் வார்டுக்கு வெளியே அதே வெள்ளை வேட்டியோடு இருந்தார்; உள்ளே வரும்போதெல்லாம் என் முகத்தைத் தவிர வேறெங்கும் பார்க்காமல் வந்து போனார்.

நான் எழும்பி இருக்கத் தொடங்கிய அன்று மகன் போன் எடுத்தான். அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, வார்டு முழுக்கக் கேட்கக் கத்தினார்.

"அம்மா சுகம் தம்பி! சின்ன ஒப்பரேசன்! எங்கையோ? அது... தோள்மூட்டுக்குக் கொஞ்சம் கீழ! கையில்லை. முதுகுமில்லை. முன்பக்கம். வயித்துக்கு மேல!"

மகன் அங்கே என்ன நினைத்தானோ, திருப்பித் திருப்பிக் கேட்டிருக்க வேண்டும். அவர் வியர்த்துப்போய் முகட்டைப் பார்த்தார். நான் வலது கையை நீட்டிப் போனை வாங்கினேன். சூடாக இருந்தது.

"தம்பி, மார்பில கட்டி. புற்றுநோய். எடுத்தாச்சு, நான் இருக்கிறன். உன்ர மனுசியையும் அங்க போய்க் காட்டச் சொல்லு. அவளின்ர போனுக்கு நானே எடுத்துச் சொல்லுறன், நம்பரைச் சொல்லு."

பக்கத்துக் கட்டில்களில் இருந்த பெண்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கதவுப் பக்கம் பார்த்துக்கொண்டு, "மெதுவாக் கதையுமப்பா" என்றார்.